வாழைத்தோப்பு குடிலுக்கு ஈகோசான் கக்கூஸ்: கட்டினதும் ஓட்டறதும்

முசிறிக்கும் தொட்டியத்துக்கும் நடுவுல காவிரிய ஒட்டின ஊர் எங்களது. வாழை, வெத்தில, கோரை, கொஞ்சம் நெல்லு. சின்ன விவசாயிங்க சேந்து ஒரு உழவர் குழு வச்சிருக்கோம், தார் வெட்டி ஒண்ணா வெலை பேசறது, கன்னு வாங்கறது, பவர் டில்லர முறை வச்சு ஓட்டறது எல்லாம் அதுலதான். அதே குழு தோப்புக்குள்ள ரெண்டு குடில் போட்டு சனி ஞாயிறுல வெளியூர்க்காரங்கள தங்க வைக்குது. பெரும்பாலும் திருச்சி, சென்னை, பெங்களூரு ஆளுங்க. கொடிக்கால்ல வெத்தில கிள்ளறத பாப்பாங்க, கோரைப்பாய் தறியில ஒக்காந்து ரெண்டு எழை கோத்து பாப்பாங்க, திருஈங்கோய்மலை ஏறிட்டு வந்து மதியம் எலை போட்டு சாப்பிடுவாங்க, அவ்ளோதான் எங்க டூரிசம். சமையல் மகளிர் குழு முறை வச்சு பாத்துக்குது. வாடகையில ஒரு பங்கு சமைச்சவங்களுக்கு, ஒரு பங்கு குடில் இருக்கற நிலத்துக்காரருக்கு, மிச்சம் பொதுக் கணக்குக்கு. எழுதப் போறது அந்த குடிலோட ஈகோசான் கக்கூஸ் பத்தி, அதாவது குழி தோண்டாம மலம், மூத்திரம், கழுவற தண்ணி மூணையும் தனித்தனியா பிரிச்சு விடற கக்கூஸ், சாப்பிட்டுக்கிட்டே படிக்கறவங்க கைய கழுவிட்டு வாங்க.

குடில் போட்டப்ப ஊர்ல எல்லாரும் போடற மாதிரிதான் போட்டது, தண்ணி ஊத்தற கோப்பை, பின்னால சிமெண்ட் உறை எறக்கின குழி. கோடையில ஒரு தொந்தரவும் இல்ல. ஆனா மேட்டூர் தெறந்து (தண்ணி இருந்தா வழக்கமா ஜூன் 12) ஆத்துலயும் வாய்க்கால்லயும் தண்ணி ஓட ஆரம்பிச்சிட்டா எங்க தோப்புல நாலடி தோண்டினா ஊத்து வந்துரும், வடிகால் வெட்டி விடலன்னா வாழைக் கெழங்கு அழுகற பூமி இது. உறைக்குள்ள மேலேருந்து நாம ஊத்தறதுக்கு முன்னாடியே கீழேருந்து தண்ணி ஏறி நிக்கும், கோப்பையில ஊத்தினா எறங்காது, கொப்புளிக்கும், அதுவும் எட்டு பேரு வந்து தங்கியிருக்கற சனிக்கெழமை ராத்திரி பாத்துதான் கொப்புளிக்கும். இது கூட பரவால்ல. பக்கத்து கெணத்து தண்ணிய டெஸ்டுக்கு அனுப்பினோம், கோலிஃபார்ம் (மலம் கலந்திருக்கலாம்னு காட்டற கிருமி) இருக்குன்னு வந்துச்சு. அந்த கெணத்துலதான் நாலு வீடு குடிக்கறது.

குழியோட அடிக்கும் நிலத்தடி தண்ணிக்கும் நடுவுல 2 மீட்டராவது காஞ்ச மண்ணு இருக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு. எங்க ஊர்ல ஆடி மாசம் 2 மீட்டர் காஞ்ச மண்ணு வேணும்னா கோப்பைய மொட்டை மாடியிலதான் வைக்கணும். செப்டிக் டேங்க் கட்டலாம்னு ஒருத்தர் சொன்னாரு, கட்டலாம், ஆனா அதுலேருந்து வழியற தண்ணி எங்கயாச்சும் போயாகணும்ல, போற எடம் அதே மண்ணு அதே ஊத்து. லாரி வச்சு உறிஞ்சி எடுக்கலாம்னா தோப்புக்குள்ள லாரி நொழையாது, நொழைஞ்சாலும் அது கொண்டுபோய் எங்க கொட்டும்னு எல்லாருக்கும் தெரியும்.

கடைசியா பக்கத்துல இருக்கற முசிறிக்கே போய் பாத்தோம். முசிறிக்காரங்களுக்கு இது பழசு. அங்க ஸ்கோப்னு ஒரு தொண்டு நிறுவனம், மராச்சி சுப்புராமன் ஐயாவோடது, 2021ல பத்மஸ்ரீ வாங்கினாரே அவரு, ரொம்ப காலமா காவிரிக்கரை ஊர்கள்ல இந்த ஈகோசான் கட்டிக் குடுத்திருக்காங்க. காரணம் எங்களுக்கு இருக்கற அதே காரணம்தான், குழி தோண்டினா தண்ணி. 2006ல சாலியர் தெருவுல பொதுக் கழிப்பறையே இந்த முறையில கட்டினாங்க, அப்பறம் அங்க போறவங்ககிட்ட காசு வாங்காம ஒரு தடவைக்கு 10 காசுன்னு அவங்களுக்கே குடுத்தாங்க, அப்ப பேப்பர்ல எல்லாம் வந்துச்சு.

சமாச்சாரம் ரொம்ப சிம்பிள். மலம், மூத்திரம், கழுவற தண்ணி மூணும் ஒண்ணா சேந்தாதான் நாத்தம், புழு, கெணத்துக்கு ஆபத்து. பிரிச்சிட்டா மூணும் மூணு வழியில போயிரும். மலம் தரைக்கு மேல கட்டின அறையில விழும், ஒவ்வொரு தடவையும் மேல சாம்பல் போடணும். ஒரு அறை நெறஞ்சா மூடிட்டு பக்கத்து அறைக்கு மாறணும், மூடினது காஞ்சு எருவாகும். மூத்திரம் தனி பைப்புல கேனுக்கு. கழுவற தண்ணி கல்வாழை பாத்திக்கு. குழியே இல்ல, அதனால நிலத்தடி தண்ணிக்கும் இதுக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது.

கூட்டத்துல சண்டை வந்தது கட்டறதுக்கு இல்ல, அள்ளறதுக்கு. ஒரு பெரியப்பா நேராவே கேட்டாரு, "எல்லாம் சரிப்பா, வருஷம் கழிச்சு அத யாரு அள்ளப் போறா?" யாரும் பதில் பேசல, ஏன்னா எல்லாரு மனசுலயும் ஓடினது எந்தத் தெருன்னு எல்லாருக்கும் தெரியும். மனுஷன வச்சு மலம் அள்ளறது 2013 சட்டப்படி குத்தம், காஞ்ச எருவுக்கு அது பொருந்துமா பொருந்தாதான்னு வக்கீல் மாதிரி பேசிக்கிட்டு இருக்கறத விட நாமளே அள்ளறதுதான் மொறைன்னு ஒரு அக்கா எந்திரிச்சு சொன்னாங்க. குழு மினிட்ஸ் புக்குல எழுதி கையெழுத்து வாங்கினோம்: அறைய தெறந்து எரு எடுக்கறது உறுப்பினருங்க முறை, வெளியாள கூலிக்கு விடக்கூடாது, எரு யாரு வயலுக்கு போகுதோ அந்த வீட்லேருந்து ஒரு ஆளு கட்டாயம் நிக்கணும். இத எழுதின பெறகுதான் கொத்தனாருக்கு அட்வான்ஸ் குடுத்தோம். இது முடிவாகாம யாரும் ஈகோசான் கட்டாதீங்க, செங்கல் சிமெண்ட் எல்லாம் அப்பறம்.

வேலைய வாய்க்கால் காஞ்சிருக்கற மாசத்துல ஆரம்பிச்சோம். பேஸ்மட்டம் எவ்ளோ ஒசரம்ங்கறதுக்கு எஞ்சினியர் யாரையும் கேக்கல, 2018 ஆகஸ்ட்ல முக்கொம்புல கொள்ளிடம் மதகு ஒடஞ்ச வெள்ளத்துல தோப்புல எவ்ளோ தண்ணி நின்னுச்சுன்னு பெருசுங்கள கேட்டோம், ஒரு தென்ன மரத்துல கைய வச்சு காட்டினாங்க, அதுக்கு மேல ஒரு சாண் சேத்து அறையோட தரை மட்டம். அதனால படி கொஞ்சம் நெறைய ஆயிருச்சு. கைப்பிடி வச்சிருக்கோம், இருந்தாலும் முட்டி வலிக்காரங்க பாடு கஷ்டம்தான்.

அறை ரெண்டு, உள்ளளவு ஒவ்வொண்ணும் மூணரைக்கு மூணரை அடி, ஒசரம் 3 அடி. சுமாரா 1,000 லிட்டர் புடிக்கும். ஒரு ஆளு வருஷத்துக்கு போறது கிட்டத்தட்ட 50 லிட்டர்தான், அதுக்கு சமமா சாம்பல் சேத்தாக்கூட அஞ்சு பேர் குடும்பத்துக்கு ஒரு அறை ஒரு வருஷத்துக்கு மேலயே தாங்கும், வாரக் கடைசி கூட்டத்துக்கு தாராளம். அடியில ஜல்லி காங்கிரீட் போட்டு ஒரு ஓரமா லேசா வாட்டம், உள்பக்கம் சிமெண்ட் ஒரு பங்கு மணல் நாலு பங்கு கலவையில பூச்சு, மூலை எல்லாம் வளைச்சு பூசச் சொன்னோம், மண்வெட்டி வச்சு வழிச்சு எடுக்கறப்ப மூலையில நிக்கக் கூடாதுன்னு. பின்பக்க செவுத்துல ஒவ்வொரு அறைக்கும் ஒன்றரை அடி சதுரத்துல ஒரு வாசல், மேற்கால வெயில் விழற பக்கம் பாத்து வச்சது. அத காங்கிரீட் பலகையால மூடி ஓரத்துல சுண்ணாம்புக் கலவை மட்டும், சிமெண்ட் போட்டு அடைச்சா அடுத்த வருஷம் சம்மட்டி வச்சு ஒடைக்கணும். கொத்தனாரு பழக்க தோஷத்துல சிமெண்ட எடுத்தாரு, பக்கத்துல ஆள் நின்னு தடுத்தோம்.

மேல ஸ்லாப், 3 அங்குலம், 8 எம்எம் கம்பி. அதுல பேசின் ஒக்கார ஓட்டை விட்டு காங்கிரீட் போடணும், பேசின் கைக்கு வராம ஸ்லாப் போடாதீங்க, அளவு கம்பெனிக்கு கம்பெனி மாறுது. பேசின் ஃபைபர், மூணு ஓட்டை: முன்னால மூத்திரத்துக்கு, நடுவுல மூடியோட மலத்துக்கு, பின்னால கழுவறதுக்கு, கொஞ்சம் பின்னால நகந்து ஒக்காந்து கழுவணும். ரெண்டு அறைக்கும் ஒவ்வொரு பேசின், ஓட்டத்துல இல்லாதது மேல பலகை போட்டு பூந்தொட்டி வச்சிருக்கோம், இல்லன்னா யாராச்சும் அங்கயும் போயிட்டு வந்துருவாங்க.

மூத்திர பைப்பு பத்தி மட்டும் தனியா சொல்லணும், இந்த முறையில அடிக்கடி மக்கர் பண்றது அதுதான். 2 அங்குல பி.வி.சி.க்கு கொறைஞ்சு போடாதீங்க. ஜி.ஐ., பித்தளை எதுவும் கூடாது, அரிச்சிரும். நேர் எல்போ போடாம சாய்ஞ்ச பெண்ட் போடணும், வாட்டம் நல்லா குடுக்கணும், ஏன்னா உள்ள வெள்ளையா உப்பு படியும், படிஞ்சு படிஞ்சு சுண்ணாம்பு மாதிரி இறுகி அடைச்சிரும். எங்களுக்கு பேசினுக்கு கீழ இருக்கற மொத வளைவுலதான் அடைச்சுது. கழட்டற மாதிரி ஒரு கப்ளிங் அங்க வச்சிருந்ததால கழட்டி, வினிகர்ல ஊற வச்சு, குச்சியால தட்டினதும் ஓடு ஓடா வந்துச்சு. கேன் 50 லிட்டர் பிளாஸ்டிக், பைப்போட முனை கேனோட அடிவரைக்கும் போகணும், வாய இறுக்கமா மூடணும், காத்து பட்டா தழைச்சத்து அம்மோனியாவா பறந்துரும், நாத்தமும் அதுலேருந்துதான்.

காத்துப் போற பைப்பு 4 அங்குலம், கறுப்பு பெயிண்ட் அடிச்சு தெக்கு வெயில் படற மாதிரி கூரைக்கு மேல ரெண்டடி. வெயில்ல பைப்பு சூடாகி உள்காத்த மேல இழுக்கும், அதனால உள்ள நாத்தம் நிக்காது. மேல கட்டின நைலான் கொசுவலை ஒரு கோடையிலயே பொடிஞ்சு போச்சு, இப்ப எஸ்.எஸ். வலை. செவுரு ஃப்ளை ஆஷ் கல்லு, கூரை ஓடு, கதவு பக்கம் கோரைப்பாய் தட்டி. பாய் நல்லா இருக்குன்னு வர்றவங்க போட்டோ எடுக்கறாங்க, கக்கூஸ் வாசல்ல நின்னு போட்டோ எடுக்கற காலம்.

கழுவற தண்ணிக்கு மண்ணுக்குள்ள எதுவும் தோண்டல, தரைக்கு மேலயே செங்கல் வச்சு தொட்டி கட்டி அடியில ஒன்றரை அங்குல ஜல்லி, மேல முக்கால் அங்குல ஜல்லி, அதுக்கு மேல மணல், கல்வாழை நட்டாச்சு. ஒரு ஆளு ஒன்னு ரெண்டு லிட்டர்தான் விடறாங்க, கல்வாழை குடிச்சது போக வெளிய ஒண்ணும் வரல. குளிக்கற தண்ணிய இதுல சேக்கவே கூடாது, அது தனி வாய்க்கால்ல நேரா வாழைக்கு போகுது.

மொத்த செலவு எங்களுக்கு ஒரு கக்கூஸுக்கு 40,000 ரூவாய தாண்டுச்சு, சித்தாள் வேலைய பாதி நாமளே பாத்தும். சாதா உறை குழிய விட கூடத்தான். ஆனா அந்த சாதா உறை குழிக்கு அப்பறம் கெணத்தையும் சேத்து கணக்கு போடணும்.

இப்ப சாம்பல். கட்டற வரைக்கும் இத யாரும் பெருசா நெனைக்க மாட்டாங்க, ஓட்ட ஆரம்பிச்சா வாரா வாரம் இதே பேச்சுதான். ஒரு தடவைக்கு ரெண்டு கொட்டாங்குச்சி சாம்பல் போகுது. மகளிர் குழு அடுப்பு வெறகு அடுப்பு, அது போதல, டீக்கடையில கேட்டோம், அப்பறம் ரைஸ் மில்லுல உமிச் சாம்பல் மூட்ட மூட்டயா கெடச்சுது. உமிச் சாம்பல் ஈரத்த நல்லா இழுக்கும், ஆனா அதுல பெரும்பகுதி மணல் வகை சத்துதான், வெறகு சாம்பல் மாதிரி காரம் கெடையாது. கிருமி சாகறதுக்கு காரமும் வேணும். அதனால ஒரு சட்டி உமிச் சாம்பலுக்கு ஒரு கை நீத்த சுண்ணாம்புத் தூள் கலந்து வைக்கறோம். சல்லடையில சலிச்சு, ஒரு ராத்திரி ஆற விட்டுத்தான் டப்பாவுல போடணும், டீக்கடை சாம்பல்ல கங்கு இருக்கும். மழை மாசத்துக்கு முன்கூட்டியே சேத்து வைக்க எரவாணத்துல ரெண்டு ட்ரம் வச்சிருக்கோம், சாம்பல் நனைஞ்சா கதையே முடிஞ்சுது.

வர்றவங்களுக்கு எப்படி சொல்றதுங்கறது தனி வேலை. மொதல்ல பெருசா எழுதி போர்டு மாட்டினோம், யாரும் படிக்கல. இப்ப குடில் பாத்துக்கற அக்கா ஒரு விளிம்பு ஒடஞ்ச பேசின முத்தத்துல முக்காலி மேல வச்சு, வந்து எறங்கினதும் மோர் குடுத்து, "வாங்க கண்ணு, இத பாத்துட்டு போங்க"ன்னு செஞ்சு காட்டிடறாங்க. மொத ரெண்டு நிமிஷம் சிரிப்பு, அப்பறம் கேள்வியா கேப்பாங்க. சின்னப் புள்ளைங்க டக்குனு புடிச்சிக்கறாங்க, சாம்பல் போடறது அதுங்களுக்கு வெளையாட்டு. தொந்தரவு குடுக்கறது முக்கால்வாசி ஆம்பளைங்க, நின்னுக்கிட்டு போவாங்க, நடு ஓட்டையில தெறிக்கும். வெளிய வேலி ஓரமா ஒரு கேன்ல புனல் சொருகி தட்டி கட்டி தனியா ஒரு எடம் வச்ச பெறகு அது நின்னுச்சு.

இன்னொண்ணு தண்ணி. கை பழக்கம், எந்திரிச்சதும் ஒரு செம்பு தண்ணிய நடு ஓட்டையில ஊத்திருவாங்க. ஈரம் ஆச்சுன்னா ரெண்டே நாள்ல நாத்தம், புழு. சொல்லிப் பாத்தாச்சு, எழுதிப் பாத்தாச்சு. கடைசியில வாளிய வெளிய எடுத்துட்டு குழாய கழுவற எடத்துக்கு நேரா தாழ வச்சு, தண்ணி மொள்ளற அரை லிட்டர் மக்க ஒரு சின்ன சங்கிலியில கட்டிட்டோம், நடு ஓட்டை வரைக்கும் எட்டாது. ஒரு ஸ்பேனரும் ரெண்டு அடி சங்கிலியும் பண்ணின வேலைய போர்டு பண்ணல. அப்படியும் ஈரம் ஆனா காஞ்ச சாம்பலும் தென்னம்பொடியும் நல்லா கொட்டி நாலஞ்சு நாள் அந்த குடிலுக்கு ஆள் விடாம மூடி வச்சிரணும், சரியாயிரும். மாதவிடாய் பேடு போடறதுக்கு மூடி வச்ச கூடை உள்ள இருக்கு, அறைக்குள்ள போட்டா மக்காது, வருஷம் கழிச்சு அப்படியே கைக்கு வரும்.

மொத அறைய மூடி முழுசா ஒரு வருஷம் விட்டோம். எங்க மாதிரி சூடான ஊர்ல ஒரு வருஷத்துக்கு மேல வச்சா போதும்னு உலக சுகாதார நிறுவனத்தோட 2006 வழிகாட்டியில இருக்கு, சாம்பலோட காரம் நல்லா இருந்தா இன்னும் சீக்கிரமே எடுக்கலாம்பாங்க, அந்த அவசரம் எங்களுக்கு இல்ல. தெறந்தன்னிக்கு முறைக்காரங்க நாலு பேரு, கையுறை, பூட்ஸ், மொகத்துக்கு துண்டு. வேடிக்கை பாக்க அதவிட கூட்டம். பலகைய நகத்தினதும் எல்லாரும் ஒரு அடி பின்னால போனாங்க. சாம்பக் கலர்ல பொடிப்பொடியா மண்ணு, நாத்தம் சுத்தமா இல்ல. நெறஞ்சிருந்த அறை பாதிக்கும் கீழ எறங்கியிருந்துச்சு. அந்த கேள்வி கேட்ட பெரியப்பா கையுறை கூட போடாம ஒரு புடி எடுத்து மோந்து பாத்தாரு, அக்கா அதட்டி கை கழுவ அனுப்பினாங்க. அள்ளினது புது பூவன் நடவு குழிக்கு போச்சு, அடியில போட்டு மேல மண்ணு மூடி கன்னு வச்சது. காய்கறி, கீரைக்கு போடறதில்லன்னு குழு முடிவு.

மூத்திரம் பத்தி ஆளுங்க முகம் சுளிப்பாங்க, ஆனா திருச்சியில இருக்கற தேசிய வாழை ஆராய்ச்சி மையமே பூவனுக்கு மனுஷ மூத்திரம் விட்டு ஆய்வு பண்ணியிருக்காங்க. ஒரு ஆளு ஒரு வருஷத்துக்கு சுமாரா 500 லிட்டர், அதுல 4 கிலோ தழைச்சத்து. 45 கிலோ யூரியா மூட்டையில 20 கிலோ சொச்சம், அப்ப அஞ்சு பேரோட ஒரு வருஷ மூத்திரம் கணக்குப்படி ஒரு மூட்ட யூரியா. எங்க குடில்ல சேர்றது அதுல கொஞ்சம்தான், அதனால உர செலவே போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அதுவும் வாழை ஒரு சாம்பல்சத்து பேய், மூத்திரத்துல தழைச்சத்து ஏறி சாம்பல்சத்து கம்மியாதான் இருக்கும், பொட்டாஷ் தனியா குடுத்துதான் ஆகணும். கேன மூடி மாசக்கணக்கா வச்சிருந்து, ஒரு பங்குக்கு பத்து பங்கு தண்ணி கலந்து, மரத்துலேருந்து ஒன்றரை அடி தள்ளி வட்டமா கீறி ஊத்தி ஒடனே மண்ண தள்ளி மூடறோம். எலையில, தண்டுல பட விடறதில்ல. தார் வெட்டறதுக்கு ஒரு மாசம் முன்னாடி நிறுத்திடறோம். தோப்ப சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு இத கடைசியாதான் சொல்றது, பழம் சாப்பிட்டு முடிச்ச பெறகு.

பழைய உறைய மண்ணு போட்டு மூடியாச்சு. கெணத்துல குளோரின் போட்டு எறைச்சோம், அடுத்த தண்ணிக் காலத்துல மறுபடி டெஸ்டுக்கு அனுப்பினதுல கோலிஃபார்ம் இல்லன்னு வந்துச்சு, இருந்தாலும் அந்த நாலு வீட்டையும் காய்ச்சி குடிக்கச் சொல்லியிருக்கு, வருஷா வருஷம் ஆவணியில டெஸ்ட் பண்றதுன்னு பொதுக் கணக்குல பணம் ஒதுக்கியாச்சு.

பாக்கி இருக்கற வேலை: ரெண்டாவது குடிலுக்கு நாற்காலி மாதிரி ஒக்கார்ற ஈகோசான் சீட்டு, வயசானவங்களுக்காக. ஃபைபர் சீட்டு ஆர்டர் குடுத்தாச்சு, வந்ததும் அளவெடுத்து ஸ்லாப் கம்பி கட்டணும். படிக்கு பதிலா சாய்வா ஒரு தளம் போட்டா வீல்சேரும் ஏறும், ஆனா அந்த ஒசரத்துக்கு சாய்வு ரொம்ப நீளமா போகுது, நாலு வாழை மரத்த எடுக்கணும், நிலத்துக்கார மாமா தார் வெட்டின பெறகு எடுத்துக்கோங்கன்னு சொல்லியிருக்காரு. மே மாசத்துக்குள்ள கடைக்கால் முடிஞ்சா சரி, வாய்க்கால்ல தண்ணி வந்துட்டா அப்பறம் அடுத்த கோடைதான்.